கையெழுத்துப் போட்ட பிறகு வைத்த பொட்டு

நான் ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் நெய்வேலியில் சிரிக்கிறார்கள். இங்கே ஓய்வு என்றால் அறுபது வயது, சால்வை, குவார்ட்டர்ஸைக் காலி செய்வது, வடலூர்ப் பக்கம் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டுவது. எனக்கு முப்பத்து நான்கு. விமானப் பராமரிப்புப் பொறியாளர் வேலையை விட்டு வந்து, இப்போது பிளாக் பிளாக்காகப் போய் ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பர்மனென்ட் வேலைய யாராவது விடுவாங்களாம்மா?" என்று கேட்காத வீடு இல்லை.

நான் வேலையை விட்டதற்கு ஊரில் மூன்று காரணங்கள் உலவுகின்றன. ஒன்று, விபத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். இரண்டு, விபத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் அனுப்பிவிட்டார்கள். மூன்று, கல்யாணத்துக்காக விட்டேன். மூன்றும் தவறு. மூன்றாவதைப் பரப்புவது என் அம்மா.

நான் படித்த டவுன்ஷிப் பள்ளியிலிருந்து விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போயிருக்கும் இரண்டு பெண்கள், அந்த வேலை எப்படி இருக்கும், ஏன் விட்டீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். இங்குள்ள விமானத்தளத்துக்குச் சிறிய விமானங்கள் வரப்போகின்றன என்ற பேச்சும் நின்று நின்று மறுபடி எழுகிறது. ஆகவே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் விபத்து நடந்த ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. அவர்கள் வாசலுக்கு மறுபடியும் யாரும் மைக்கோடு போக வேண்டாம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் படித்தேன். வகுப்பில் பெண்கள் குறைவு, தேர்வுகள் அதிகம். லைசென்ஸ் வாங்கும்வரை பிறர் கையெழுத்துக்குக் கீழே வேலை செய்தேன். வாங்கிய பிறகு ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். பத்தொன்பது பேர் உட்காரும் விமானங்கள், சின்ன ஊர்கள். நான் போன ஊரின் விமான நிலையத்தில் எங்கள் நிறுவனத்துக்கு இரண்டே பொறியாளர்கள். ஒருவர் பக்தவத்சலம் சார். இன்னொருவர் நான். உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது.

சார் திட்டமாட்டார். தப்புச் செய்தால் டார்ச்சை நம் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்பார். எதைப் பார்க்கத் தவறினோம் என்று நாமே தேட வேண்டும். கண்டுபிடிக்கும்வரை அவர் வேறு வேலைக்குப் போகமாட்டார், நம்மையும் விடமாட்டார். முதல் வாரத்தில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பாத்தேன்னு சொல்லாதம்மா. என்ன பாத்தேன்னு சொல்லு."

விமானம் கிளம்பும் முன் அதைச் சுற்றி வந்து சோதிப்பதுதான் எங்கள் முதல் கடமை. சார் இடது பக்கக் கதவருகே தொடங்குவார். முன் சக்கரம், டயரின் வெட்டு, பிரேக் குழாயில் கசிவு. பிறகு மூக்கு. பிறகு வலது இறக்கை, எஞ்சின், வால் என்று முழுச்சுற்று. எதையும் கண்ணால் மட்டும் பார்க்கமாட்டார், கை வைப்பார். நிறுத்திவைத்திருக்கும்போது சில பாகங்களுக்கு உறை போட்டிருப்போம். ஒவ்வொரு உறையிலும் சிவப்பு நாடா தொங்கும். உறையைக் கழற்றியதும் அந்த நாடாவை இடது கையில் சுற்றிக்கொள்வார். சுற்றி முடித்து வரும்போது இடது கை காப்புக் கட்டியதுபோல் இருக்கும். நாடாக்களை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்து, கை கழுவி, அதற்கப்புறம்தான் விமானம் பறக்கலாம் என்று கையெழுத்து. கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் விமானத்தைத் தொடக்கூடாது. தொட்டால் சுற்று முதலிலிருந்து. கதவு மூடும்வரை அவர் வெளியே காவல் போலவே நிற்பார். பெட்டி ஏற்றும் ஆட்கள் அவரை 'மாமியார்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

அந்தச் சுற்றில் ஓர் இடத்தை மட்டும் இங்கே விளக்க வேண்டும். மூக்குக்குச் சற்றுப் பின்னால், விமானியின் சன்னலுக்குக் கீழே, இரு பக்கமும் பளபளப்பான வட்டத் தட்டு ஒன்று இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சுற்றிலும் சிவப்பு வளையம் வரைந்திருக்கும். தட்டில் ஊசி முனை அளவுக்குச் சில ஓட்டைகள். ஸ்டாட்டிக் போர்ட் என்போம். வெளிக்காற்றின் அழுத்தம் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று விமானிக்குக் காட்டும் கருவிகள் இரண்டும் அந்த அழுத்தத்தை நம்பியிருப்பவை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் காப்பாற்றும். இரண்டும் அடைத்தால், தரையின் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். விமானம் ஏறும், உயரக் கருவி ஏறவில்லை என்று சொல்லும். வேகக் கருவியோ வேகம் குறைந்துகொண்டே போவதாகக் காட்டும். சார் அந்தத் தட்டுகளின் மேல் விரல் நுனியை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக ஒரு வட்டம் சுற்றுவார். தூசி இருந்தால் விரல்தான் முதலில் சொல்லும் என்பார்.

இனி அந்த நாள்.

ஆயுத பூஜைக்கு நான் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். முன்கூட்டியே கேட்டு வாங்கிய லீவு. இங்கே ஆயுத பூஜை பெரிய விசேஷம். வருஷத்தில் அன்றைக்குத்தான் குடும்பத்தோடு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்புக்குள் விடுவார்கள். அப்பா கன்வேயர் பராமரிப்பில் இருந்தார். அவருடைய இடத்தைப் பார்க்க அம்மாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அப்போது சார் போன் செய்தார்.

எங்கள் அலமாரிச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு அவரே விமானத்தில் போகிறார். போய்ச்சேரும் ஊரில் பொறியாளர் கிடையாது, திரும்பி வர அங்கேயும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் எங்களில் ஒருவர் கூடப் போவது வழக்கம். நான் பணியில் இருந்தால், அவர் உள்ளே உட்காரும்போது நான் வெளியே நிற்பேன். அன்று வெளியே நிற்க ஆள் இல்லை. சோதனை ஆயிற்றா என்று கேட்டேன்.

"முடிச்சு, கையெழுத்தும் போட்டு, உள்ள வந்து உக்காந்துட்டேன்மா. இப்பப் போயி முன்னாடி மேனேஜர் பூசணிக்கா உடைக்கிறாரு. துண்டு இன்ஜின்ல போயிடும், ஒன்னு விடாம பொறுக்குங்கன்னு கதவுகிட்டருந்து கத்திட்டு வந்தேன். சரி, நீ ஒங்க ஊரு மிஷினப் பாரு."

நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அந்த ஊரில் அன்று தூறல், மேகம் தாழ்வாக இருந்தது. விமானம் எழுந்து மேகத்துக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடுபாதைக்கு அப்பால் கரும்பு வயலில் மூக்குக் குத்தி விழுந்தது. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை.

இடிபாடுகளில் அந்த இரண்டு தட்டுகளும் கிடைத்தன. இரண்டின் மேலும் சந்தனம். பனி உறையாமல் இருக்க அந்தத் தட்டுக்குள் சூடேற்றும் கம்பி உண்டு. அந்தச் சூட்டில் சந்தனம் காய்ந்து ஓட்டைகளை மூடி இறுகிப்போயிருந்தது. பூசணிக்காய் உடைத்த பிறகு மேனேஜர் தாமோதரன் தாம்பாளம் நிறையச் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு விமானத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார். சிவப்பு வளையம் போட்டு, பொட்டுக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கும் இடத்தில், இடமும் வலமும். உள்ளே உட்கார்ந்திருந்த விமானிகளுக்கும் சாருக்கும் அந்த இடம் கண்ணில் படாது.

தொலைக்காட்சிகளில் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு கூட்டம், விஞ்ஞானக் காலத்தில் பூஜையா என்று சிரித்தது. அவர்களுக்கு என் பதில்: நானும் பூஜை போடுகிறவள்தான். எங்கள் மைன்ஸில் மலை மாதிரி இயந்திரத்துக்கு மாலை போடுகிறார்கள். ஆனால் அதை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டுவிட்டு மாலை போடுகிறார்கள். பூஜை முடிந்ததும் துடைத்து, மறுபடி சோதித்து, அப்புறம்தான் ஓட்டுகிறார்கள். பூஜை தப்பில்லை. கையெழுத்துக்கு அப்புறம் தொட்டதுதான் தப்பு.

இன்னொரு கூட்டம், தட்டுகள் அடைத்தால் விமானத்துக்குள்ளிருந்தே அழுத்தம் எடுக்கும் மாற்றுக் குழாயை விமானிகள் உடனே திறந்திருக்க வேண்டும் என்றது. மேகத்துக்குள், தரைக்கு இவ்வளவு பக்கத்தில், எதிரே உள்ள கருவி பொய் சொல்கிறது என்று நம்புவதற்கே நேரம் வேண்டும். வேகம் குறைகிறது என்று கருவி சொன்னால் மூக்கைத் தாழ்த்து என்றுதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அவர்கள் தாழ்த்தினார்கள். குளிர்ந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு அந்த நொடியை அளந்தவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

நிறுவனம் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. பூஜை முந்தின நாள் சாயங்காலமே நடந்துவிட்டது, காலையில் சோதித்த பொறியாளர்தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றது. பெட்டி ஏற்றுகிறவர்கள் மூன்று பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். சாயங்காலம்தான் என்று அவர்களும் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக் கேமரா பழுதாகிக் கிடந்தது. காலையில் பூஜையைப் பார்த்த மற்றவர்கள் எல்லோரும் அந்த விமானத்துக்குள் இருந்தவர்கள்.

பத்திரிகைகளில் சாரின் படம் வந்தது. அதே ஊர்க்காரர் அவர். இறந்த பயணிகளில் சிலரும் அதே ஊர். சாரின் கருமாதிக்கு உறவுக்காரர்களே பாதிப் பேர் வரவில்லை. மகனை இழந்த ஒருவர் வாசலில் நின்று, "பாக்காம கையெழுத்துப் போட்டு எம்புள்ளயக் கொன்னுட்டான்" என்று கதறினார். சாரின் மனைவி வசந்தா அக்கா அதன்பின் பகலில் கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டார். பால், காய்கறி எல்லாம் பின்பக்கத்துச் சந்து வழியாக வந்தன.

பூஜை காலையில்தான் நடந்தது, சார் கையெழுத்துப் போட்டு உள்ளே உட்கார்ந்த பிறகு நடந்தது என்று சொல்ல மிஞ்சியிருந்தது நான் ஒருத்தி. சாரின் போனிலிருந்து கடைசியாகப் போன அழைப்பு எனக்கு. அது மேனேஜருக்கும் தெரிந்தது.

அவர் நெய்வேலிக்கே வந்துவிட்டார். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும், நான் ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல். அப்போது நாங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். அம்மா இலை போட்டுவிட்டார். தாமோதரன் கெட்டவர் மாதிரி பேசுகிறவர் அல்ல. எப்போதும் தணிந்த குரல், ஒவ்வொரு வாக்கியத்திலும் நம் பெயர். முதலில் சாரைப் பற்றி நல்லதாகவே பேசினார். பிறகு என்னைப் பற்றி, என் திறமை பற்றி. தலைமை நிலையத்துக்கு மாற்றல், பெரிய விமானத்துக்கான பயிற்சி, அதுவும் வெளிநாட்டில். ரசம் ஊற்றும்போது விஷயத்துக்கு வந்தார்.

"பொய் சொல்லச் சொல்லல தேன்மொழி. சார் சாவியக் கேட்டார், நீ சொன்ன. அது உண்மைதானே? கேட்டா அத சொல்லு. எல்லாத்தையும் சொல்லணும்னு ஒன்னும் இல்ல."

"பொட்டு எப்ப வெச்சீங்க சார்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அது எல்லாரும் பண்றதுதானேம்மா. வருஷா வருஷம் வெக்கிறோம்."

"எப்பன்னு கேட்டேன்."

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. போனவர் போயிட்டார், தேன்மொழி. அவர இனிமே யாரு என்ன பண்ண முடியும்?"

அந்த மனிதர் கலங்கியிருந்தது உண்மை. அவர் யாரையும் கொல்ல நினைத்துப் பொட்டு வைக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் வைத்த பிறகு அந்தப் பொட்டைத் தூக்கி இறந்தவர் கணக்கில் போட்டது தெரிந்தே செய்தது. போகும்போது வாசலில் அப்பாவிடம், இந்தத் துறை ரொம்பச் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, கான்ட்ராக்டில் வருஷக்கணக்காக அலைந்து பர்மனென்ட் ஆனவர். வேலை என்பது அவருக்குக் கையில் பிடித்திருக்கும் கயிறு.

"அவர் சொல்றதுல பொய் எதுவும் இல்லியேம்மா" என்றார். "சாவி கேட்டாருங்கறது நெசந்தான?"

"மிச்சத்த நான் சொல்லாட்டி, சாவி கேட்டதே பொய்யாப் போயிடும்பா."

"ஒனக்கு வேலை போயிடும்."

அம்மா இலையை எடுத்துக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்புக்காரி. ஆத்திரம் வந்தால் டவுன்ஷிப் பேச்சு போய்விடும். "இன்னாங்க பேசறீங்க? வூட்ல வந்து குந்திகினு, என் சோத்தத் துன்னுகினே எம்பொண்ண வாய மூடுன்றான். அந்த மனுசன் பொண்டாட்டி எந்த மூஞ்ச வெச்சிகினு தெருவுல நடப்பா? அத சொல்லுங்க மொதல்ல."

விசாரணைக்கு என்னோடு அப்பாதான் வந்தார், டிபன் பாக்ஸோடு.

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. இரண்டு அதிகாரிகள், குறிப்பெடுக்கும் ஒருவர், நிறுவனத்தின் சார்பில் ஒருவர். மேனேஜர் வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். போனில் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள். கேட்ட வரிசையிலேயே சொன்னேன். சாவி. சோதனை முடிந்தது. கையெழுத்து ஆயிற்று. உள்ளே உட்கார்ந்தாயிற்று. இப்போது முன்னால் பூசணிக்காய் உடைக்கிறார்கள். துண்டுகளைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிறுவனத்துக்காரர், ஒரு சாதாரணப் போன் பேச்சு வார்த்தைக்கு வார்த்தை எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்டார்.

"அதுக்கப்புறம் அவர் யார்கிட்டயும் போன்ல பேசல சார். மறந்திருந்தாதான் நீங்க சந்தேகப்படணும்."

சார் மேல் எனக்கு மரியாதை அதிகம், அதனால் சேர்த்துச் சொல்கிறேனோ என்று கேட்டார். மூத்த அதிகாரி குறுக்கிட்டு, "மேனேஜர் சந்தனம் வைத்ததைப் பார்த்ததாக அவர் உங்களிடம் சொன்னாரா?" என்றார். அந்த அறையில் எனக்குக் கிடைத்த மிகச் சுலபமான வாய்ப்பு அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"இல்ல சார். அத அவர் சொல்லல. பாக்கவும் இல்ல. பாத்திருந்தா இறங்கி வந்து மொதல்லேருந்து சுத்தியிருப்பார். விமானம் கிளம்பியிருக்காது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை.

நான் வெளியே வந்தபோது வராந்தாவில் பெட்டி ஏற்றும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அவர்களில் ஒருவர் தானாகவே போய், பூஜை காலையில்தான் நடந்தது, பூசணித் துண்டுகளைப் பொறுக்கியது தான்தான், சார் கதவருகே நின்று கத்தினார் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் கான்ட்ராக்ட் போனது. என்னைவிட இழக்கக் குறைவாக வைத்திருந்தவர் என்று சிலர் சொல்வார்கள். அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

என்னை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். ஆணி, வாஷர், ரப்பர் வளையம், எல்லாம் எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணச் சொன்னார்கள். விமானத்தின் பக்கம் போக அனுமதி இல்லை. வேறு நிறுவனங்களுக்கு நேர்காணல் போனேன். தொழில் கேள்விகளுக்கு எல்லாம் தலையாட்டுவார்கள். கடைசியில் ஒருவர், "நீங்கதானே அது?" என்பார். ஆமாம் என்பேன். அதோடு முடியும். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரும் பிடுங்கவில்லை, நானும் ஒப்படைக்கவில்லை.

நீ லீவில் போகாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இரண்டு பேரை வைத்து மூன்று பேர் வேலையை ஓட்டியவர்களைப் போய்க் கேளுங்கள். எனக்கு அந்தக் குற்ற உணர்ச்சி கிடையாது. வராதா என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கலாம். பயந்துவிட்டாயா என்பவர்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கே ஒரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இடது பக்கக் கதவிலிருந்து தொடங்குகிறேன்.

எழுதிக் கேட்ட இரண்டு பெண்களுக்கு: வேலை நல்ல வேலை. சேருங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் ஒருநாள், பொய் சொல்ல வேண்டாம், எல்லாவற்றையும் சொல்லாமல் இருந்தால் போதும் என்பார். சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்வார். அதற்குப் பாடத்திட்டத்தில் அத்தியாயம் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விசாரணை அறிக்கை நான் இங்கே வந்துவிட்ட பிறகுதான் வெளியானது. அதில் யார் பெயரும் இல்லை. அறிக்கைகளில் பெயர் இருக்காது. பொறியாளரின் சோதனை முழுமையாக நடந்து முடிந்திருந்தது, அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் விமானத்தைத் தொட்டதே காரணம் என்று இருந்தது. தாமோதரன் வேறு நிறுவனத்தில் இருக்கிறார் என்று கேள்வி. தொலைக்காட்சிகள் அன்றைக்கு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தன. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மட்டும் சாரின் படத்தைப் போட்டு அந்த வரியை வெளியிட்டது.

அந்த வாரம் வசந்தா அக்கா போன் செய்தார். நான் ஒரு வீட்டில் ஏ.சி.யின் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன்.

"அவரு வந்தாரு தேனு" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"புள்ளயப் பறிகுடுத்தவரு. அன்னிக்கி வாசல்ல நின்னு கத்தினாரே. காலையில வந்து கதவத் தட்டினாரு. தொறந்தேன். செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து, ஒங்க சாரு போட்டோ முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாரு. தண்ணி குடும்மான்னாரு. குடுத்தேன். குடிச்சிட்டு, சொம்ப என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாரு."

அக்கா அழுகிறாரோ என்று காத்திருந்தேன். அழவில்லை.

"சாயங்காலம் காய் வாங்கப் போனேன். முன்வாசல் வழியாவே போனேன், தேனு. கடைத்தெரு முழுக்க நடந்து."